ஈசினோபில் எண்ணிக்கையை நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

தண்டையார்பேட்டையில் சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் 19 வருஷமாக வேலை செய்கிறேன். போன வாரம் காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா ரிப்போர்ட்டோடு பதறி வந்தார். பையனுக்கு விடாத தும்மல். "இன்னா தம்பி, ஈசினோபில் 8-னு தடிசா போட்டிருக்கு, பெரிய வியாதியா?"

ஈசினோபில் ரத்தத்து வெள்ளை அணுக்களில் ஒரு வகை. அந்த 8 வெறும் சதவீதம். மொத்த வெள்ளை அணுக்களோடு அதைப் பெருக்கி 100-ஆல் வகுங்கள். பையனுக்கு மொத்தம் 5,000, ஆக 400. ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 வரை பொதுவாக இயல்புதான். அன்றைக்கே வந்த இன்னொருவருக்கு 6 சதவீதம், தடித்த எழுத்து இல்லை. ஆனால் மொத்தம் 12,000. கணக்குப் போட்டால் 720. கவனிக்க வேண்டியவர் அவர்தான்.

400 என்றால் அலர்ஜியே இல்லை என்று அர்த்தமில்லை. தூசி பட்டதும் சில நிமிஷத்தில் வரும் தும்மலுக்கும் தடிப்புக்கும் திசுக்களில் குடியிருக்கும் மாஸ்ட் செல்கள் கொட்டும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் காரணம். அவை ரத்த எண்ணிக்கையில் வராது. ஈசினோபில் சில மணி நேரம் கழித்துத்தான் மூக்குக்கும் நுரையீரலுக்கும் போய்ச் சேரும். லீஷ்மன் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு நிற மணிகள் நிறைந்திருக்கும். எத்தனை ஆயிரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத அழகு. புழுக்களைக் கொல்ல வேண்டிய அந்த மணிகளின் புரதம்தான் ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய்ச் சுவரைப் புண்ணாக்குகிறது.

ரத்தம் கொடுக்கும்போது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று சொல்லிவிடுங்கள். அது எண்ணிக்கையை இறக்கிவிடும். மறுபடி எடுப்பதானால் அதே நேரத்துக்கு வாருங்கள். ஈசினோபில் காலையில் குறைந்து இரவில் ஏறும்.

எண்ணிக்கை கூடினால் அலர்ஜி என்று நீங்களாக முடிவு கட்டி மாதக்கணக்கில் செட்ரிசின் விழுங்காதீர்கள். குடற்புழு இருந்தாலும் கூடும். 3,000-க்கு மேல் போய், ராத்திரியில் இருமலும் இளைப்பும் இருந்தால் கொசு பரப்பும் யானைக்கால் புழுவையும் டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். கொசுக்கடிக்குப் பஞ்சமில்லாத நம் பக்கத்தில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இறால் சாப்பிட்டதும் உதடு வீங்கி மூச்சு திணறினால் எங்களிடம் வரவே வேண்டாம். அப்போது தேவை அட்ரினலின் ஊசி. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.