ஏஜென்ட்டுக்கு டூல் எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏஐ ஏஜென்ட் (மொழி மாடலை வைத்துத் தானே வேலைகளைச் செய்யும் மென்பொருள்) பயன்படுத்துவதற்கென்று புதிதாக டூல், அதாவது அது கூப்பிடும் சிறு நிரல், எழுதுபவர்களின் வேலையை அடிக்கடி ரிவ்யூ செய்கிறேன். நிரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. நாங்கள் தொடக்கத்தில் கோட்டைவிட்ட அதே இடத்தில்தான், அதாவது டூலின் விளக்கத்தில்தான், இவர்களும் கோட்டைவிடுகிறார்கள். எழுத்துப்பிழை, செத்துப்போன லிங்க், பழைய வெர்ஷன் எண் இதையெல்லாம் யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வகையைச் சொல்லிவிட்டு அர்த்தத்தை விட்டுவிடுவது

ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி (ஏஜென்ட்டை டூல்களோடு இணைக்கும் பொது முறை) நெறிமுறையில் ஒரு டூலுக்கு முக்கியமாக மூன்று உண்டு: பெயர், விளக்கம், உள்ளீடு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஜேசான் ஸ்கீமா. உள்ளே இருக்கும் நிரல் மாடலின் கண்ணில் படாது. ஸ்கீமாவில் 'எண்' என்று போட்டதுமே வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். எந்த எண்?

அண்மையில் ஒரு ரீஃபண்ட் டூல் ரிவ்யூவுக்கு வந்தது. உள்ளீடுகள் இரண்டு: ஆர்டர் ஐடி, அமௌன்ட். அமௌன்ட்டுக்கான விளக்கம், 'திருப்பித் தர வேண்டிய தொகை'. அவ்வளவுதான். பின்னால் இருந்த பேமெண்ட் ஏபிஐயோ (பணம் அனுப்பும் சேவையோடு நிரல் பேசும் வழி) தொகையைப் பைசாவில் கேட்பது. "450 ரூபாய் திரும்ப வேண்டும்" என்று வாடிக்கையாளர் சொன்னால் ஏஜென்ட் 450 என்றே அனுப்பும். அவருக்குப் போய்ச் சேருவது நாலரை ரூபாய். ஸ்கீமா சோதனையில் குறை இல்லை, ஏபிஐ 'வெற்றி' என்கிறது, ஏஜென்ட்டும் "உங்கள் 450 ரூபாயை அனுப்பிவிட்டோம்" என்று சொல்லிவிடுகிறது. லாகைப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு பிழை கிடைக்காது.

எழுதியவர் சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஆர்டர் விவரம் தரும் டூலை முதலில் கூப்பிட்டு, அதில் வந்த 45000 என்ற தொகையை அப்படியே ரீஃபண்டுக்குக் கொடுத்தது ஏஜென்ட். அது பைசாவில் இருந்ததால் சரியாகவே நடந்தது. வாடிக்கையாளர் தன் வாயால் ஒரு தொகையைச் சொல்லும்போதுதான் தப்பாகும். சில சமயம் சரி, சில சமயம் தவறு என்று வரும் இந்த வகைதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுகிறது. மனித டெவலப்பராக இருந்தால் சந்தேகம் வந்ததும் பக்கத்து சீட்டில் கேட்டிருப்பார். ஏஜென்ட் பல நேரம் தானே ஊகித்துக்கொண்டு போய்விடும். ஊகித்த தடயமும் இருக்காது.

பேமெண்ட் சேவைகளில் ரேசர்பே பைசாவில்தான் தொகை கேட்கிறது. ஸ்ட்ரைப் அந்தந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்கிறது. ஆனால் யென்னுக்குச் சில்லறை அலகு இல்லை. 500 யென் என்றால் 500தான். அதனால் 'சிறிய அலகில் கொடு' என்று எழுதினால் மட்டும் போதாது. பெயரையே 'அமௌன்ட் பைசா' என்று மாற்றுங்கள். விளக்கத்தில், 'பைசாவில், முழு எண்ணாக. 450 ரூபாய்க்கு 45000. மீதமுள்ள ஆர்டர் தொகையைத் தாண்டினால் பிழை வரும்' என்று எழுதுங்கள். ஓர் எடுத்துக்காட்டு இருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

தேதிக்கும் இதே கதைதான். 03/04/2025 என்றால் ஏப்ரலா, மார்ச்சா? 2025-04-03 வடிவம் வேண்டுமென்று எழுதிவிடுங்கள். அப்புறம் நேர மண்டலம். இந்தியாவில் காலை 5.30 வரை யுடிசியில் (உலகப் பொது நேரம்) நேற்றைய தேதிதான் ஓடும். 'இன்றைய ஆர்டர்கள்' என்று கேட்டால் யாருடைய இன்று என்பதும் விளக்கத்தில் இருக்க வேண்டும்.

பெயரையே விளக்கமாக எழுதுவது

'ஆர்டரைத் தேடும் டூல்: ஆர்டரைத் தேடும்.' இதை அழித்துவிட்டு, எப்போது இதைக் கூப்பிடலாம், எப்போது வேறு டூலுக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள்.

இருக்கும் ஏபிஐ எல்லாவற்றையும் டூலாக்குவது

வேண்டாம். ஒவ்வொரு விளக்கமும் கான்டெக்ஸ்டில், அதாவது மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய உரையில், இடம் பிடிக்கும்.

பிழைச் செய்தியைக் கவனிக்காமல் விடுவது

ஏஜென்ட் படிக்கும் ஆவணத்தில் பிழைச் செய்தியும் சேர்த்தி. 'தவறான கோரிக்கை' என்று மட்டும் பதில் வந்தால் அதே அழைப்பை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்கும். 'தேதி 2025-04-03 வடிவில் வேண்டும், வந்தது 3 ஏப்ரல்' என்று சொன்னால் பெரும்பாலும் அடுத்த முறையே திருத்திக்கொள்ளும். இதைவிட மோசம், அனுமதி இல்லாதபோது காலிப் பட்டியலைத் திருப்பித் தருவது. ஏஜென்ட் வாடிக்கையாளரிடம் "உங்களுக்கு ஆர்டரே இல்லை" என்று அடித்துச் சொல்லிவிடும். அனுமதி இல்லையென்றால் அதைப் பிழையாகவே சொல்லுங்கள்.

அழிக்கும் டூலை அழிக்கும் என்று சொல்லாமல் விடுவது

எம்சிபியில் இதற்கென்று தனிக் குறியீடு இருக்கிறது. ஆனால் அது வெறும் குறிப்புதான், எதையும் தடுக்காது. திரும்பப் பெற முடியாத செயல் என்பதை விளக்கத்திலும் எழுதுங்கள், அனுமதிச் சோதனையை நிரலிலும் வையுங்கள்.

உங்கள் சொற்களிலேயே சோதிப்பது

டூலை எழுதியவருக்குப் பைசா என்பது மனதில் இருக்கும். கேள்வியும் அதற்கேற்றபடியே வரும். நிரலைப் பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டு, வாடிக்கையாளர் பேசுவதுபோல் கேட்கச் சொல்லுங்கள். "பாதிப் பணமாவது திருப்பிக் கொடுங்க", "போன வெள்ளிக்கிழமை வாங்கினது" என்றெல்லாம் கேட்பார்கள். ஏஜென்ட் தந்த பதிலை நம்பி நிறுத்திவிடாமல், டூலுக்குப் போன மதிப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.