மஞ்சள் மூட்டை சனிக் கோளில் எவ்வளவு நிற்கும்? எடைக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரோட்டு மண்டியில் சரியாக 100 கிலோ நிற்கும் விரலி மஞ்சள் மூட்டை ஒன்று. அதை அதே மின்னணுத் தராசோடு நிலவில் இறக்கினால் திரையில் 16.5 தெரியும். பலரும் சறுக்குவது இங்கேதான். விரலி ஒன்றுகூடக் குறையவில்லை. மூட்டையின் நிறை எங்கே போனாலும் 100 கிலோதான். குறைந்தது எடை, அதாவது தராசை மூட்டை அழுத்தும் விசை. பூமியில் 980 நியூட்டன், நிலவில் 162. பூமியின் ஈர்ப்புக்கு ஏற்பச் செய்த தராசு, அந்த அழுத்தத்தைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது, அவ்வளவுதான். பழைய இரட்டைத் தட்டுத் தராசில் எடைக்கல் வைத்து நிறுத்துப் பாருங்கள்; கல்லின் எடையும் அதே அளவு குறைவதால் நிலவிலும் 100 கிலோதான். இன்னொன்று: நிலவில் மூட்டையைத் தூக்குவது சுலபம், ஆனால் வேகமாக வரும் மூட்டையைத் தடுத்து நிறுத்த இங்கே படுகிற பாடுதான் அங்கேயும்.

அடுத்தது, கோள் பெரிதானால் எடையும் கூடும் என்ற நினைப்பு. வியாழனில் இரண்டரை மடங்கு என்று படித்ததால் வருவது. சனியின் நிறை பூமியைப்போல் 95 மடங்கு, ஆனால் நம் மூட்டை அங்கே 105 கிலோவைச் சுற்றித்தான் காட்டும். காரணம், சனியின் ஆரம் சுமார் 9.5 மடங்கு. மையத்திலிருந்து விலக விலக ஈர்ப்பு அந்தத் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 9.5ஐ 9.5ஆல் பெருக்கினால் 90. 95ஐ அதால் வகுத்துப் பாருங்கள், விடை வந்துவிடும். யுரேனஸ் பூமியைவிடப் பதினான்கு மடங்குக்கும் மேல் கனமான கோள், அங்கே மூட்டை 90 கிலோதான்! செவ்வாயின் நிறை புதனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, இருந்தும் இரண்டிலும் 38 கிலோவே. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிள்ளைகளுக்குப் பட்டியலை மட்டும் கொடுக்காமல் நிறை, ஆரம் இரண்டையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கிலும் தராசு வைக்கக் கெட்டித் தரையே கிடையாது. நாம் சொல்லும் எண்கள் மேகங்களின் மேல்மட்டத்துக்கானவை.

அப்புறம், விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பே இல்லை என்பது. அது பறக்கும் உயரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர், ஈரோட்டிலிருந்து சென்னை போகும் தூரம். அங்கே பூமியின் ஈர்ப்பு பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. நிலையமும் ஆளும் தராசும் ஒன்றாகப் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் எதுவும் எதையும் அழுத்துவதில்லை. அதனால் அங்கே உடல் நிறையை அறிய, வில்லோடு இணைந்த கருவியில் ஆளை முன்னும் பின்னும் ஆடவிட்டு, ஓர் ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அளக்கிறார்கள்.