ஈறு சுத்தமானால் மூட்டு வலி போய்விடுமா? நான் செய்த தவறுகள்

போன வாரம் சேலத்தில் என் பல் கிளினிக்கில் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண், ஒரு நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தது பக்கத்து அறையில் இருந்த எனக்குக் கேட்டது. “உங்க மூட்டு வலிக்கு வேரே இந்த ஈறுலதாங்க இருக்கு.” கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்து போனேன். அதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன்.

ஒழுங்காகப் பல் தேயுங்கள் என்ற பாடமெல்லாம் இங்கே வேண்டாம்.

தொடர்பை ‘வேர்’ என்று சொல்வது

தொடர்பு இருப்பது நிஜம். ஈறு நோய் முற்றினால் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை விழும். அதில் குடியிருக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியாவிடம் ஒரு நொதி உண்டு. புரதத்தில் உள்ள ஆர்ஜினினை அது சிட்ருலினாக மாற்றிவிடும். சொந்த வீட்டுப் பிள்ளை மொட்டை போட்டு வந்தால் நாய் குரைக்கிற மாதிரி, உடம்பு தன் புரதத்தையே அந்நியம் என்று நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கலாம். உடம்பே தன் மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்தைக் கண்டறிய எடுக்கும் ‘ஆன்டி சி.சி.பி.’ ரத்தப் பரிசோதனையில் தேடுவது அதைத்தான். மூட்டு வலி தொடங்குவதற்குப் பல வருடம் முன்பே இது ரத்தத்தில் இருக்கலாம்.

இதையெல்லாம் படித்த உற்சாகத்தில், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு அக்காவுக்குப் படம் போட்டு விளக்கினேன். முடக்குவாதத்துக்காக வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு தடவை வரவைத்து ஈறுகளை ஆழமாகச் சுத்தம் செய்தேன். ரத்தக் கசிவு நின்றது. அப்புறம் ஒன்றரை வருடம் ஆளையே காணோம்.

திரும்பி வந்தவர் வாயைத் திறக்கவில்லை, கையைத்தான் நீட்டினார். விரல்கள் சுண்டு விரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன. கொலுசு முத்தைக் கவ்வும் இடுக்கி கையில் நிற்கவில்லையாம். “நீங்கதானே சார் வேரு இங்கதான்னீங்க? அதான் மாத்திரைய விட்டுட்டேன்.”

நிறுத்தச் சொல்லி நான் சொல்லவே இல்லை. தொடரச் சொல்லியும் சொல்லவில்லை. வேரை எடுத்தாயிற்று, இலைக்கு எதற்கு மருந்து என்று அவர் நினைத்ததில் என்ன தப்பு? இன்றைக்கும் அந்த ‘வேர்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூட்டு வீக்கம் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. குறையவில்லை என்ற ஆய்வும் உண்டு. ஈறு நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முடக்குவாதம் வருவதே இல்லை. பரம்பரை, புகைபிடித்தல் என்று பலதும் சேர வேண்டும். கூரை பற்றிக்கொண்ட பிறகு தீக்குச்சியை மட்டும் அணைத்து என்ன ஆகப்போகிறது? இப்போதெல்லாம் மருந்துச் சீட்டின் அடியில் கொட்டை எழுத்தில் எழுதிவிடுகிறேன்: ‘வாத மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது.’

எல்லாப் பல்லையும் பிடுங்குவது

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நாட்டில் மூட்டு வலிக்காக இதைச் செய்தார்கள். பல்தான் போனது.

ரத்தம் வரவில்லை என்று நம்புவது

பீடி பிடிப்பவரின் ஈறில் ரத்தம் குறைவாகத்தான் கசியும். பையின் ஆழத்தை அளந்து பாருங்கள்.

பிடிக்க முடியாதவருக்குப் பிரஷ் பாடம்

காலையில் ஒரு மணி நேரம் விரலே மடங்காதவரிடம் சுழற்றித் தேயுங்கள் என்றால் எப்படி? பிரஷ் காம்பில் சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டிக்கொள்ளச் சொல்கிறேன். விரல் இளகிய பிறகு பத்து மணிக்குத் தேய்த்தாலும் சரி.

வாய்ப்புண்ணுக்கு ஜெல் கொடுத்து அனுப்புவது

வாரம் ஒரு நாள் சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்ஸேட்டைத் தெரியாமல் தினமும் விழுங்குகிறாரா என்று முதலில் கேளுங்கள். அது உயிருக்கே ஆபத்து, அந்தப் புண் அதன் அடையாளமாக இருக்கலாம்.

‘மூணு மாசம் கழிச்சு வாங்க’

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவருக்கு மார்கழியில், காப்பி பறிக்கும் நேரத்தில் தேதி கொடுத்தால் வரமாட்டார். சேலத்தில் வாத டாக்டரைப் பார்க்கும் நாளிலேயே என் தேதியையும் வைத்துவிடுகிறேன். மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்வேன். ஈறைப் பார்ப்பதற்கு முன் அதில் எத்தனை மாத்திரை மீதி என்று எண்ணிவிடுவேன்.