ட்ரெய்லர் வந்த ராத்திரி செய்யக்கூடாதவை

புது வீடியோ கேம்களின் ட்ரெய்லர்களைக் காட்டும் சம்மர் கேம் ஃபெஸ்ட் நம் ஊர் நேரத்துக்கு ராத்திரி இரண்டரைக்குத் தொடங்கும். டிசம்பரில் வரும் கேம் அவார்ட்ஸ் என்றால் விடிகாலை. அந்த நேரங்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கல்லூரித் தம்பிகள் போடும் மெசேஜைப் படித்தால், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் குதித்த அதே குதி. ட்ரெய்லர்தான் மாறியிருக்கிறது.

ப்ரீ-ஆர்டர் போடாதே, பிளேஸ்டேஷனா எக்ஸ்பாக்ஸா என்று கமென்டில் சண்டை பிடிக்காதே, இதையெல்லாம் ஊரே சொல்லியாயிற்று. அதை விட்டுவிடுகிறேன்.

மூலையில் இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்காமல் விடுவது

ட்ரெய்லரின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடும். "இன்-எஞ்சின்" என்று போட்டிருந்தால், அந்தப் படத்தை கேமை ஓட்டும் மென்பொருளான எஞ்சின் வரைந்தது என்று மட்டுமே பொருள். யாரும் கன்ட்ரோலரைப் பிடித்திருக்க வேண்டியதில்லை. கேமரா எங்கே போகும், வெளிச்சம் எங்கே விழும், எதிரி எந்த நொடியில் சாவான் என்பதெல்லாம் முன்பே முடிவானவை. வரியே இல்லாவிட்டால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்.

2005 ஈ3 கேம் கண்காட்சியில் கில்ஸோன் 2 ட்ரெய்லரைப் பார்த்து உலகமே வாயைப் பிளந்தது. அது முன்கூட்டியே கணினியில் வரைந்து (ரெண்டர் செய்து) வைத்த வீடியோ, "இப்படித்தான் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறோம்" என்பதற்கான மாதிரி. கேம் வந்தது 2009-இல். 2012-இல் வாட்ச் டாக்ஸ் டெமோவில் மழையும் காற்றும் கோட்டு நுனி பறப்பதும் அவ்வளவு அழகு. 2014 மே மாதம் கையில் கிடைத்தபோது அதில் பாதியைக் காணோம். பிறகு கேமை மாற்றியமைத்து விளையாடும் மாடர்கள் பிசி ஃபைல்களைக் கிண்டி, பழைய டெமோவில் இருந்த சில கிராஃபிக்ஸ் செட்டிங்குகள் உள்ளேயே அணைந்து கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

"கேம்பிளே" (ஒருவர் நிஜமாகவே விளையாடுவது) என்று போட்டிருந்தாலும் திரையில் ஹெல்த் பார், மேப், தோட்டா எண்ணிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். கேமரா ஒரு மனிதக் கை திருப்புவது போல் கொஞ்சம் தடுமாறுகிறதா என்றும் பாருங்கள். 2025 மே மாதம் வந்த ஜிடிஏ 6 (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேமின் இரண்டாவது ட்ரெய்லர் முழுக்க பிஎஸ்5-இல் (பிளேஸ்டேஷன் 5) எடுத்தது, பாதி கேம்பிளே, பாதி கட்சீன் (நடுவில் ஓடும் கதைக்காட்சி) என்று அதைச் செய்யும் ராக்ஸ்டார் கம்பெனியே சொன்னது. நேர்மையான பேச்சுதான். ஆனால் எந்தப் பாதி எது என்று யாருக்குத் தெரியும்?

லோகோவுக்குக் கைதட்டுவது

எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6: 2018 ஜூன். ஒரு மலை, கொஞ்சம் இசை, பெயர். ஒரு நிமிடம்கூட இல்லை. கேம் இன்னும் வரவில்லை. அன்று பத்தாவது படித்துக்கொண்டிருந்தவன் இன்று வேலைக்குப் போகிறான்.

சொன்ன தேதியை நம்பி லீவு எழுதிக் கொடுப்பது

ஹாஃப்-லைஃப் 2-க்கு முதலில் சொன்ன தேதி 2003 செப்டம்பர் 30. வந்தது 2004 நவம்பர். சைபர்பங்க் 2077-க்கு முதலில் 2020 ஏப்ரல் 16, பிறகு செப்டம்பர் 17, பிறகு நவம்பர் 19, கடைசியில் டிசம்பர் 10. இதில் வேடிக்கை என்னவென்றால், அக்டோபர் தொடக்கத்தில் "கோல்டு ஆகிவிட்டது" என்று அறிவித்தார்கள். டிஸ்க்கில் அச்சடிக்கும் பிரதி தயார் என்று அர்த்தம். இனி தள்ளிப்போகாது என்று எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். அதே மாதக் கடைசியில் மறுபடி தள்ளினார்கள். இந்தக் காலத்தில் கோல்டு என்பது டிஸ்க்குக்குத்தான் முடிவு. கேமைப் பழுதுபார்க்கும் வேலை ரிலீஸ் நாளில் வரும் திருத்தமான பேட்ச் வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஹாலோ நைட்: சில்க்சாங் 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 2022 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் மேடையில் காட்டியபோது, இங்கே காட்டியதெல்லாம் பன்னிரண்டு மாதத்துக்குள் விளையாடலாம் என்றார்கள். கேம் வந்தது 2025 செப்டம்பர் 4. அந்தத் தேதியைச் சொன்னது வெறும் இரண்டு வாரம் முன்னால், அது மட்டும் தவறவில்லை. அறிவிப்புக்கும் ரிலீஸுக்கும் இடைவெளி எவ்வளவு குறைவோ, தேதி அவ்வளவு உறுதி. ப்ரீலோடு (ரிலீஸுக்கு முன்பே செய்யும் டவுன்லோடு) தொடங்கிய பிறகு லீவு கேட்க மேனேஜரிடம் போய் நில்லுங்கள்.

வராத கேமுக்காக மெஷின் வாங்குவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்ற தவறுகளில் நாலாயிரம் ஐயாயிரத்தோடு போய்விடும். இதில் அரை லட்சம். இன்றைக்கும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜிடிஏ 6-இன் முதல் ட்ரெய்லர் 2023 டிசம்பர் 5 விடிகாலை நமக்குக் கிடைத்தது. முன்கூட்டியே கசிந்துவிட்டதால் அவசரமாக வெளியே விட்டார்கள். கடைசியில் "2025" என்று ஒரு வருடம், அவ்வளவுதான். அந்த வாரமே குழுவில் ஒரு தம்பி பிஎஸ்5 பெட்டியை போட்டோ எடுத்துப் போட்டான். சம்பளம் வரத் தொடங்கிய புதிது. டிஸ்க் மாடல், 54,990 ரூபாய், இ.எம்.ஐ.

"ஜிடிஏ வர்றப்ப ஸ்டாக் கிடைக்காதுண்ணா, அதான் இப்பவே."

"அது வர்ற வரைக்கும் இதுல என்னடா ஆடுவே?"

"ஜிடிஏ 5தாண்ணா."

ஜிடிஏ 5 அவனுடைய லேப்டாப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கணக்குப் போடுங்கள். 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு மெலிந்த புது மாடல் அதே விலைக்கு வந்தது. 2024 டிசம்பரில் அவனுடைய ஒரு வருட வாரண்டி முடிந்தது. அதாவது ட்ரெய்லரில் போட்ட 2025 பிறப்பதற்கு முன்பே வாரண்டி காலி. 2025 மே மாதம் கேமை 2026 மே 26-க்குத் தள்ளினார்கள். அந்த நவம்பரில் மறுபடி, 2026 நவம்பர் 19-க்கு. தம்பி தவணையெல்லாம் கட்டி முடித்துவிட்டான். எந்த கேமுக்காக வாங்கினானோ அதை விளையாடும் முன்பே மெஷின் பழைய மெஷின் ஆகிவிட்டது.

பிசி பக்கம் இதைவிட மோசம். "ஜிடிஏ 6 ரெடி" என்று சொல்லி அசெம்பிள் செய்த பிசியை விற்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது. அறிவித்தது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். பிசி என்ற பேச்சே அதில் இல்லை. எந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும், எத்தனை ஜிபி ரேம் வேண்டும் என்ற பட்டியல் வராமல், எதற்கு ரெடி? பெண் பார்க்கப் போகும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதுதான் இது.

ராக்ஸ்டாரின் பழைய கதையும் கண்முன்னே இருக்கிறது. ஜிடிஏ 5 பிஎஸ்3-க்கும் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் 2013 செப்டம்பரில் வந்தது. பிஎஸ்4 பதிப்பு 2014 நவம்பரில், பிசி பதிப்பு 2015 ஏப்ரலில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கன்சோலுக்கு 2018 அக்டோபரில், பிசிக்கு 2019 நவம்பரில். 2013-இல் அந்த ஒரு கேமுக்காகப் புதிதாக பிஎஸ்3 வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டே மாதத்தில் அமெரிக்காவில் பிஎஸ்4 விற்பனைக்கு வந்துவிட்டது.

சைபர்பங்க் விஷயத்தில் மெஷினையே கேமின் பெயரில் விற்றார்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸின் சைபர்பங்க் 2077 ஸ்பெஷல் எடிஷன் 2020 கோடையில் கடைக்கு வந்தது. பார்க்க அட்டகாசமாக இருக்கும், மறுக்க மாட்டேன். கேம் வருவதற்குள் டிசம்பர் ஆகி, புதுத் தலைமுறை கன்சோல்கள் நவம்பரிலேயே இறங்கிவிட்டன. 2023-இல் வந்த ஃபேன்டம் லிபர்ட்டி விரிவாக்கம் அந்தப் பழைய தலைமுறைக்கு வரவே இல்லை. கேமின் பெயரில் விற்ற மெஷினில் அந்த கேமையே முழுசாக விளையாட முடியாது!

கிராஃபிக்ஸ் கார்டுக்காரர்கள் கதையும் அதேதான். 2020 செப்டம்பர் முதல் தேதி என்விடியா மேடையேறி, 499 டாலர் ஆர்டிஎக்ஸ் 3070 அதற்கு முந்தைய தலைமுறையின் 1,199 டாலர் 2080 டிஐ-யை மிஞ்சும் என்றது. சைபர்பங்குக்கு என்ன கார்டு வேண்டும் என்ற பட்டியலும் அந்தச் செப்டம்பரில்தான் வந்தது. அதில் பரிந்துரைத்தது 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060. சைபர்பங்கின் 2018 டெமோவைப் பார்த்துவிட்டுக் கையில் இருந்த நல்ல கார்டை விற்றவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. இன்னொன்று: 2023-இல் அந்தப் பட்டியலையே மாற்றி, எஸ்எஸ்டி (வேகமான ஸ்டோரேஜ்) கட்டாயம் என்றார்கள். ரிலீஸுக்குப் பிறகும் மாறுகிற பட்டியலை ரிலீஸுக்கு இரண்டு வருடம் முன்னால் ஊகிப்பது எப்படி?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை அப்படியே தள்ள மாட்டேன். காத்திருந்தால் விலை குறையும் என்ற பழைய விதி இப்போது சரியாக வேலை செய்வதில்லை. பிஎஸ்5 இந்தியாவுக்கு வந்தபோது 49,990. 2022 கடைசியில் ஐயாயிரம் ஏற்றினார்கள். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 30 சீரிஸ் கார்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு கிரிப்டோ மைனிங்காரர்களும் சிப் தட்டுப்பாடும் சேர்ந்து, ஒரு வருடத்துக்கு மேல் நியாயமான விலைக்குக் கார்டு கிடைக்கவில்லை. அது உண்மை. ஆனால் விலை ஏறுமோ என்ற பயம் வேறு, வராத கேம் மேல் உள்ள ஆசை வேறு. பயத்தில் வாங்குகிறவனாவது இன்றைக்கு விளையாட என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவான்.

யாராவது என்னிடம் கேட்டால் ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்பேன்: அந்த கேம் ரத்தாகிவிட்டால் இந்த மெஷினில் என்ன விளையாடுவாய்? யோசிக்காமல் நாலைந்து பெயர் சொன்னால், போய் வாங்கட்டும். முழித்தால், பணம் பேங்கிலேயே இருக்கட்டும். ரத்தாவதெல்லாம் நடக்காத காரியம் இல்லை. எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கென்று 2014-இல் காட்டிய ஸ்கேல்பவுண்ட் 2017 ஜனவரியில் ரத்து. 2020 டிசம்பரில் அறிவித்த பெர்ஃபெக்ட் டார்க், 2024-இல் கேம்பிளே எல்லாம் காட்டிவிட்டு, 2025 ஜூலையில் ரத்து. அதைச் செய்துகொண்டிருந்த ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள்.

விஷ்லிஸ்ட் எண்ணிக்கையைத் தரம் என்று நினைப்பது

தி டே பிஃபோர் ஒரு காலத்தில் பிசி கேம் கடையான ஸ்டீமில் அதிகம் பேர் விஷ்லிஸ்ட் (பிறகு வாங்கலாம் என்று குறித்துவைக்கும் பட்டியல்) போட்ட கேம். 2023 டிசம்பர் 7 வந்தது. நாலு நாளில் ஸ்டூடியோ மூடிவிட்டதாக அறிவிப்பு, அடுத்த மாதம் சர்வரும் அணைந்தது. விஷ்லிஸ்ட் போடக் காசு வேண்டாம். அந்த எண்ணிக்கை ட்ரெய்லருக்குக் கிடைத்த மார்க்.

ரிவ்யூ எந்த மெஷினில் என்று பார்க்காமல் விடுவது

சைபர்பங்க் ரிலீஸுக்கு முன்னால் வந்த ரிவ்யூக்கள் எல்லாம் பிசி பதிப்புக்கு. ரிவ்யூவர்கள் தாங்களே எடுத்த வீடியோவைக் காட்டவும் அனுமதி இல்லை. அந்த மார்க்கைப் பார்த்து பிஎஸ்4-க்கு வாங்கியவர்கள் பார்த்தது வேறு கேம். ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து எடுத்தது, 2021 ஜூன் வரை திரும்ப வைக்கவில்லை. உங்கள் மெஷினில் எடுத்த வீடியோ ஒன்றுகூட இல்லை என்றால், ரிவ்யூவே இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ரீஃபண்ட் விதி தெரியாமல் இருப்பது

ஸ்டீமில் வாங்கி பதினான்கு நாளுக்குள் கேட்டால், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்தால் பணம் திரும்பும். கூடுதல் காசு வாங்கும் டீலக்ஸ் எடிஷனில் மூன்று நாள் முன்னதாக விளையாடுகிற நேரமும் 2024 முதல் அந்த இரண்டு மணியில் சேரும். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு தொடங்கினாலே கதவு மூடியது மாதிரிதான், ஆட்டோ டவுன்லோடை அணைத்து வையுங்கள்.

டீலக்ஸ் எடிஷன்

வேண்டாம்.

லீக்கைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது

2022 செப்டம்பரில் ஜிடிஏ 6-இன் ஆரம்பகட்ட வீடியோக்கள் திருடப்பட்டு வெளியே வந்தன. "கேம் டெவலப்மென்டில் முதலில் முடிவது கிராஃபிக்ஸ்தான், இதுதான் இறுதி" என்று ஒருவர் அடித்துச் சொல்ல, அதைப் பார்த்த டெவலப்பர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிராஃபிக்ஸுக்குப் பெயர்போன கன்ட்ரோல், அன்சார்ட்டட் 4 போன்றவற்றின் ஆரம்பகால வீடியோக்களை அவற்றைச் செய்தவர்களே எடுத்துப் போட்டார்கள். நிறமில்லாத கட்டடங்களும் டெக்ஸ்சர் (மேல்பூச்சு) இல்லாத வண்டிகளும்தான் அதில் ஓடின. உங்கள் குழுவிலும் இப்படி ஒரு நிபுணர் இருப்பார், அந்த வீடியோவைத் தேடி அவருக்கு அனுப்பிவிட்டுத் தூங்கப் போங்கள்.