அரசு லேப்டாப் கைக்கு வந்ததும் செய்யக் கூடாதவை

தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு அரசு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-இல். அப்போது வந்தவற்றில் 2 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 7-க்குப் பக்கத்தில் ‘பாஸ் லினக்ஸ்’ எனும் இன்னொரு இயங்குதளம். நடுவே சில ஆண்டுகள் திட்டம் நின்றுபோனது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்து, 2026 ஜனவரியில் ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரில் மறுபடியும் தொடங்கினார்கள். இப்போது வருவது டெல், ஏசர், எச்பி மூன்றில் ஒன்று. இன்டெல் ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி ரேம், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சுழலாத சேமிப்பான எஸ்எஸ்டி 256 ஜிபி. பட்டப்படிப்பைத் தாண்டி முதல் வேலை வரைக்கும் தாராளமாக ஓடக்கூடிய பெட்டி.

அப்படி ஓடாமல் போவதற்குப் பாகம் கெடுவது அவ்வளவு பெரிய காரணம் இல்லை. யாருடைய மெயிலில் கணக்குத் தொடங்கினார்கள், எந்தச் சார்ஜரைச் செருகினார்கள், யாரிடம் ஃபார்மேட் போடக் கொடுத்தார்கள் என்பவைதான் பெரும்பாலும் காரணம். அதுவும் முதல் சில வாரங்களிலேயே நடந்துவிடுகிறது.

வாங்கும் இடத்தில்

பெட்டியைப் பிரிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது முதல் தவறு. அட்டைப்பெட்டி, லேப்டாப்பின் அடிப்பக்கம், கல்லூரிப் பதிவேடு மூன்றிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். டெல் என்றால் ‘சர்வீஸ் டேக்’ என்று ஏழு எழுத்து எண். ஏசரில் ‘எஸ்என்ஐடி’ என்று பதினோரு அல்லது பன்னிரண்டு இலக்கம். அந்த ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு வருடம் போனால் எழுத்து தேய்ந்துவிடும். அங்கேயே ஆன் செய்து திரை, கேமரா, எல்லா யுஎஸ்பி துளைகள், சார்ஜ் விளக்கு ஆகியவற்றைச் சரிபாருங்கள்.

அன்றைக்கே நிறுவனத்தின் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு வாரண்டி எப்போது முடிகிறது என்று பார்த்துவிடுங்கள். லேப்டாப் குடோனில் இருந்த மாதங்களும் கணக்கில் ஏறியிருக்கலாம். பில் உங்கள் பெயரில் இருக்காது என்பதால், வழங்கிய தேதி உள்ள தாளின் நகல்தான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று. தேதி தவறாக இருந்தால் கல்லூரியில் இதற்கென இருக்கும் பொறுப்பாளர் வழியாக உடனே கேளுங்கள். வாரண்டி முடிந்தபிறகு கேட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

யாருடைய மெயில்?

இதுதான் எல்லாவற்றிலும் அதிகச் சேதம் செய்யும் தவறு. செய்த அன்றைக்குத் தெரியாது.

விண்டோஸ் 11 முதன்முதலில் திறக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்குக் கேட்கும். அவசரத்தில் நண்பனின் மெயிலைப் போடுகிறார்கள். கடைக்காரர் தன் மெயிலைப் போட்டுத் தருகிறார். சிலர் கல்லூரி கொடுத்த மெயிலைப் போடுகிறார்கள். கல்லூரி மெயில்தானே, பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் இறுதியாண்டு மாணவருக்கு அந்த மெயில் படிப்பு முடிந்த சில மாதங்களில் மூடப்படலாம்.

மூடினால் என்ன? புதிய விண்டோஸ் 11, கணக்குத் தொடங்கியதுமே எஸ்எஸ்டி முழுவதையும் தானாகப் பூட்டிவிடுகிறது. ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று செட்டிங்ஸில் இருக்கும். அந்தப் பூட்டின் சாவி 48 இலக்க எண். அது எந்தக் கணக்கில் தொடங்கினீர்களோ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் பின் நம்பர் போட்டுத் திறக்கும்வரை அந்தச் சாவியை விண்டோஸ் கேட்காது. விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸ் அப்டேட் ஆனாலோ, மதர்போர்டு மாற்றினாலோ, யூடியூப்பில் ‘காலி லினக்ஸ்’ எனும் ஹேக்கிங் லினக்ஸைப் பார்த்துவிட்டு யாராவது பயாஸில் ‘செக்யூர் பூட்’ எனும் பாதுகாப்பு அமைப்பை அணைத்தாலோ, அடுத்த முறை நீலத் திரை வந்து 48 இலக்கத்தையும் கேட்கும். சாவி இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட், சர்வீஸ் சென்டர் யாராலும் திறக்க முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றுவதுதான் வழி. அதற்குள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இருந்தால் அதுவும் போயிற்று.

உங்கள் சொந்த மெயிலில், உங்கள் சொந்த போன் எண்ணில் கணக்குத் தொடங்குங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடக்கூடிய இரண்டாவது சிம் எண்ணைக் கொடுக்காதீர்கள். பிறகு போனில் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் உங்கள் லேப்டாப்பின் பெயருக்குக் கீழே ‘பிட்லாக்கர்’ என்ற பெயரில் இருக்கும் அந்த 48 இலக்கச் சாவியை எடுத்து, ஒரு தாளில் எழுதி சான்றிதழ்கள் வைக்கும் ஃபைலில் வையுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்து வைத்தால் பூட்டிய பீரோவுக்குள் சாவியை வைத்த கதைதான்.

ஏற்கெனவே வேறு மெயிலில் தொடங்கிவிட்டது என்றால், முக்கியமான ஃபைல்களை முதலில் பென் டிரைவில் எடுத்துவிட்டு, டிவைஸ் என்கிரிப்ஷனை அணையுங்கள். அது முழுதாக அவிழும்வரை சார்ஜரில் வைத்துக் காத்திருங்கள். பின் உங்கள் கணக்குக்கு மாறி, மறுபடி இயக்குங்கள். புதிய சாவி உங்கள் கணக்குக்கு வந்துவிட்டதா என்று போனில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

‘ஸ்லோவா இருக்கு, ஃபார்மேட் போட்டுடு’

256 ஜிபி என்று சொன்னார்கள், 238 கூட இல்லையே, மீதியை யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சண்டை போடுபவர்கள் உண்டு. யாரும் எடுக்கவில்லை. நிறுவனம் ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1,024-ஆல் கணக்கிடுகிறது. பாஸ் லினக்ஸுக்கும் மீட்புப் பகுதிக்கும் ஒதுக்கியது போக சி டிரைவ் இன்னும் குறைவாகத்தான் தெரியும்.

அந்த இடத்தைப் பிடுங்கலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் லினக்ஸுக்கு ஒதுக்கிய பகுதியை (பார்ட்டிஷன்) அழித்துவிட்டால், மறுநாள் காலையில் கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்று ஒரு சொல்லும் பக்கத்தில் துடிக்கும் கோடும் மட்டும் நிற்கும். விண்டோஸ் எங்கும் போகவில்லை. எதைத் திறப்பது என்று தேர்ந்தெடுத்துத் தரும் நிரல் தன் மீதிப் பாதியைக் காணாமல் நிற்கிறது, அவ்வளவுதான். பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதை முதலிடத்துக்கு நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த ஐந்து நிமிட வேலைக்குத்தான் கடையில் ஃபார்மேட் என்று பணம் வாங்குகிறார்கள்.

ஃபார்மேட் போடக் கொடுத்தால் என்ன கெடும்? அரசு கொடுத்த லேப்டாப்பில் இருப்பது உரிமம் உள்ள விண்டோஸ் ஹோம் வகை. அதன் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே வகையை மறுபடி ஏற்றினால் எந்த எண்ணும் கேட்காமல் தானே ஆக்டிவேட் ஆகும். கடையில் இருக்கும் பென் டிரைவில் இருப்பதோ பெரும்பாலும் ‘ப்ரோ’. அதற்கு இந்தச் சாவி பொருந்தாது. ஆக்டிவேட் ஆகவில்லை என்று, உரிமம் இல்லாமலே ஓட வைக்கும் ‘கிராக்’ எனும் திருட்டு நிரலைப் போடுவார்கள். அந்தக் கிராக் ஓட வேண்டும் என்பதற்காக விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டரை அணைப்பார்கள். இலவசமாக வந்த அசல் மென்பொருளை, காசு கொடுத்துத் திருட்டு மென்பொருளாக மாற்றிக்கொண்டு வருகிறோம். கூடவே வைரஸுக்குக் கதவும் திறந்தாயிற்று. அதே லேப்டாப்பில் உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

புதிய இன்டெல் லேப்டாப்களில் இன்னொரு சிக்கல். விண்டோஸ் ஏற்றும்போது எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது, புதிது போட வேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள். ‘விஎம்டி’ எனும் அமைப்புக்கான இன்டெல் டிரைவரை நிறுவனத் தளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தால் தெரியும்.

உண்மையில் தேவை ஏற்பட்டால் செட்டிங்ஸில் ‘ரீசெட் திஸ் பிசி’ போதும். ‘கீப் மை ஃபைல்ஸ்’ தேர்ந்தெடுங்கள். அடுத்துக் கேட்கும்போது ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’ என்று சொல்லுங்கள். ‘கிளவுட் டவுன்லோட்’ 4 ஜிபிக்கு மேல் டேட்டா இழுக்கும். ஃபைல்கள் இருக்கும், நீங்கள் ஏற்றிய மென்பொருள்கள் போய்விடும். அதற்கும் முன்னால், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்டப் பட்டியலைத் திறந்து வேண்டாததை அணைத்துப் பாருங்கள். டிஃபென்டருக்கு மேல் இன்னொரு ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அதை நீக்குங்கள். பாதி மந்தம் அங்கேயே தீரும்.

நெட் காலி

வீட்டில் வைஃபை இல்லாத மாணவருக்குப் போன் ஹாட்ஸ்பாட்தான் நெட். நாளுக்கு 1.5 ஜிபி. காலை ஒன்பது மணிக்கு இணைத்தால் பத்து மணிக்கு டேட்டா முடிந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி வருகிறது, மாணவர் எதையும் பார்க்கவே இல்லை. விண்டோஸ் அப்டேட்டும் ஒன்டிரைவும் சேர்ந்து குடித்துவிட்டன. வைஃபை அமைப்பில் உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை ஆன் செய்யுங்கள். பெரிய அப்டேட்டுகள் நின்றுவிடும். ஆனால் அப்படியே விட்டுவிட்டால் பாதுகாப்பு அப்டேட்டும் வராமல் போகலாம். மாதம் ஒருமுறை கல்லூரி வைஃபையில், சார்ஜர் செருகி, அப்டேட்டை முடித்துவிடுங்கள்.

ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப்பில் இருப்பதை எல்லாம் மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். இலவச இடம் 5 ஜிபிதான். எரிச்சலில் அதை அணைத்ததும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம்: உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் ஒன்டிரைவ், அதற்குள் டெஸ்க்டாப் என்று இருக்கும். அங்கிருந்து வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

சார்ஜரும் கீலும்

விடுதி அறையில் நான்கு லேப்டாப், ஒரு பிளக். எச்பி சார்ஜரை எடுத்து டெல்லில் செருகுகிறார்கள், அழகாக நுழைகிறது. உருண்டை முனை உள்ள மாடல்களில் இரண்டுமே 4.5 மில்லிமீட்டர், நடுவில் ஊசி. ஆனால் டெல் அந்த நடு ஊசி வழியாகச் சார்ஜரை அடையாளம் கேட்கிறது. பதில் வராவிட்டால் லேப்டாப் ஓடும், வேகம் குறையும், பேட்டரி ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதிது வாங்குகிறார்கள். தெரு ஓரத்து டூப்ளிகேட் சார்ஜரிலும் இதே கதை நடக்கும். சார்ஜர் தொலைந்தால் அதன்மீது இருந்த வோல்ட் அதேயாக இருக்க வேண்டும். வாட் 45 அல்லது 65, குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. டைப்-சி துளை இருப்பதாலேயே போன் சார்ஜரில் ஏறும் என்றில்லை. சில மாடல்களில் அந்தத் துளை ஃபைல் மாற்ற மட்டும்தான்.

மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் குமிழைப் போட்டால் எர்த் அறுந்துபோகும். லேப்டாப்பின் உலோகப் பகுதியில் கை வைத்தால் சுருக்கென்று கிள்ளுவது அதனால்தான். ஸ்டெபிலைசர் தேவையில்லை, 100 முதல் 240 வோல்ட் வரை சார்ஜரே தாங்கும். இடி இடிக்கும்போது கழற்றிவிடுங்கள், போதும்.

நாள் முழுக்கச் செருகியே வைப்பவர்கள் பேட்டரியை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி தங்கள் மாடலில் இருக்கிறதா என்று பயாஸிலோ நிறுவனத்தின் செயலியிலோ பாருங்கள்.

மூடியை ஒரு மூலையைப் பிடித்துத் தூக்காதீர்கள். இந்த விலை லேப்டாப்களில் கீல் திருகாணி பிளாஸ்டிக்கில் பதித்த சின்னப் பித்தளைக் குழாயில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கமாகவே இழுத்தால் குழாய் பிளாஸ்டிக்கோடு பெயர்ந்துவிடும். இதுவும், இயர்போனை விசைப்பலகை மேல் வைத்து மூடி உடைத்த திரையும் வாரண்டியில் சேராது.

தமிழில் தட்டச்சு

ஏதோ ஒரு தளத்திலிருந்து பழைய எழுத்துரு இறக்கிப் போடாதீர்கள். உங்கள் அசைன்மென்ட் பேராசிரியரின் கணினியில் குப்பையாகத் தெரியும். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும், எல்லாக் கணினியிலும் ஒரேபோலத் தெரியும் யூனிகோடில்தான் எழுதும்.

லிங்க், சந்தா, விற்பனை

‘இலவச லேப்டாப்புக்கு விண்ணப்பிக்க இங்கே தொடவும்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் ஆதாரும் ஓடிபியும் பிடுங்கத்தான். இந்த லேப்டாப் கல்லூரி வழியாகத்தான் வரும். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். லேப்டாப்போடு சில செயலிகளுக்குச் சில மாத இலவசச் சந்தா வருகிறது. அதற்குக் கார்டு எண்ணோ யுபிஐ ஆட்டோபேயோ கேட்டால் கொடுக்காதீர்கள். இலவசக் காலம் முடிந்ததும் பணம் போகும். ஆஃபிஸ் சந்தா முடிந்துவிட்டால் லிப்ரே ஆஃபிஸ் இலவசம், அதே ஃபைல்களைத் திறக்கும்.

அரசு முத்திரை உள்ளதை விற்காதீர்கள், பழையது என்று வாங்கவும் வாங்காதீர்கள். திருட்டு லேப்டாப்பாக இருந்தால் வாங்கியவரையும் போலீஸ் தேடி வரும்.

கல்லூரிகள் செய்வது

வந்த பெட்டிகளை விழாத் தேதிக்காக மாதக்கணக்கில் பூட்டி வைப்பது பேட்டரியைக் கொல்லும். லித்தியம் பேட்டரி முழுதாக இறங்கிக் கிடந்தால் திரும்ப ஏறாமல் போகலாம். வைத்தே ஆக வேண்டும் என்றால் பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றுங்கள்.

பெரு நாட்டில் ‘பிள்ளைக்கொரு லேப்டாப்’ திட்டத்தை 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. நம்மூரில் காரணத்தை வெகு தூரம் போய்த் தேட வேண்டாம். மாணவர் கையில் லேப்டாப். ரெக்கார்டு நோட்டு கையால் எழுத வேண்டும், அசைன்மென்ட் ஏ4 தாளில் கையால், படம் பென்சிலால். பிறகு அந்த லேப்டாப் சினிமா பார்க்கத்தானே பயன்படும்? பாடத்துக்கு ஓர் அசைன்மென்டையாவது ஃபைலாகவே வாங்குங்கள்.

வீட்டில் அண்ணன், அக்காவின் பழைய லேப்டாப்

அதைத் தூக்கிப் போடாதீர்கள். விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் ஆதரவு முடிந்தது. இந்தப் பழைய பெட்டிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜிபி, 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏற்றினால் பள்ளிப் பிள்ளைக்குப் போதும். 4 ஜிபி ரேம் இருந்தால் நல்லது. ரேம் வாங்கும் முன் பழையதைக் கழற்றி அது எந்த வகை, டிடிஆர்3எல்லா டிடிஆர்4-ஆ என்று பாருங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. டச்பேட் மேலே உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது. அதைக் குத்தாமல் கழற்றிவிட்டு, பெரும்பாலான மாடல்களைச் சார்ஜரிலேயே ஓட்டலாம். பல வருடம் அலமாரியில் கிடந்தது என்றால் ஆன் செய்ததும் எந்தத் தளமும் திறக்காமல் ‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்று சொல்லும். நெட்டில் கோளாறு இல்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்தினால் தளங்கள் திறக்கும்.