மலிவான மர வேலை மேசை: எங்கே தவறுகிறோம்

சேலத்தில் வீட்டோடு சின்னதாக ஒரு பட்டறை போட நினைப்பவர்கள் முதலில் தேடுவது மலிவான மரம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்டு, மிளகுக் கொடி ஏற்றியிருப்பார்களே, அந்த சில்வர் ஓக் இதற்குப் போதும். ஆனால் அறுத்த கையோடு வாங்கி வந்து அந்த வாரமே மேசையாக்கிவிடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். மலைக்குளிரில் கிடந்த ஈரப் பலகை, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வந்ததும் காய ஆரம்பித்தது. மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில்தான் சுருங்கும். ஆனி பிறப்பதற்குள் மேல்பலகைகளுக்கு நடுவே பென்சில் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஸ்பேனர் போட்டு இறுக்கிய நட்டுகள் விரலாலேயே கழன்றன.

காய வைப்பதற்குக் காசு செலவில்லை. நிழலில், பலகைக்குப் பலகை நடுவே ஒரே தடிமனுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை வைத்து அடுக்குங்கள். முனைகளில் மீந்துபோன பெயிண்டைப் பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் விழும். ஒரு பலகையை மட்டும் வாரம் ஒருமுறை எடை பார்த்து, தேதியையும் எடையையும் அதன்மேலேயே எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் தயார். கனத்தைப் பொறுத்து மாதக்கணக்கில் ஆகும்.

அவ்வளவு நாள் பொறுக்க முடியாதா? பழைய மரம் வாங்குங்கள். இடித்த வீட்டின் நிலை, உத்திரம் எல்லாம் என்றோ காய்ந்தவை. அம்மாபேட்டைப் பக்கம் யாராவது கைத்தறியைப் பிரித்துப் போட்டால் அந்தச் சட்டங்களை விடவே விடாதீர்கள். நாள் முழுக்க அடி வாங்கியும் ஆடாமல் நின்ற மரம் அது. அறுப்பதற்கு முன் காந்தத்தை ஓட்டி உள்ளே ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆட்டம். இழைப்புளி தள்ளும்போது மேசையும் கூடவே நகர்ந்தால் வேலை ஓடாது. கால் மெலிசாக இருப்பதால்தான் ஆடுகிறது என்று நினைத்துத் தடித்த காலுக்குச் செலவழிக்கிறோம். மூன்றுக்கு மூன்று அங்குலக் கால் தாராளம். குறை இணைப்பில்தான் இருக்கிறது. சட்டம் உட்காரக் காலில் காடி (பள்ளம்) வெட்டுங்கள். பாரம் மரத்தின் மேல் இறங்கட்டும், போல்ட் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

மேல்பலகைக்கும் கீழ்த்தட்டுக்கும் எட்டுக்கு நாலு அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்றே ஒன்று வாங்கி, நாலுக்கு ரெண்டாக நான்கு துண்டு போடுங்கள். இரண்டை ஃபெவிகால் பூசி ஒட்டினால் 36 மி.மீ. மேல்பலகை. ஒன்று கீழ்த்தட்டு. நான்காவதைப் பின்கால்களுக்குக் குறுக்கே முடுக்கிவிடுங்கள். பக்கவாட்டு ஆட்டம் அத்தோடு நின்றுவிடும். குறுக்குச் சட்டம் போட்டு மெனக்கெடுவதைவிட இது சுலபம்.

மரத்தை இறுக்கிப் பிடிக்கும் வைஸை மேசையின் நடுவில் பொருத்த வேண்டாம். வலக்கைக்காரர் என்றால் இடது முன்காலை ஒட்டி வையுங்கள், அடி நேராகத் தரைக்கு இறங்கும்.

அப்புறம் உயரம். சாப்பாட்டு மேசையைப் பார்த்து 30 அங்குலம் வைத்தால் பலருக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் அளவு. இழைப்பு வேலை அதிகம் என்றால் இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளலாம். அளவெடுக்கும்போது, வேலை நேரத்தில் போடும் செருப்போடு நில்லுங்கள்.