உங்கள் சுகாதார ஆய்வு கொள்கையாக மாற வேண்டுமா? தொடங்கும் முன்பே பார்க்க வேண்டிய வேலைகள்

பெரும்பாலான சுகாதார ஆய்வாளர்களுக்குக் கொள்கை பற்றிய நினைப்பு வருவதே பேப்பர் ஜர்னலில் வெளியான பிறகுதான். ஆய்வு முன்மொழிவின் கடைசிப் பக்கத்தில் "இம்முடிவுகள் கொள்கை வகுப்போருக்குப் பயன்படும்" என்று ஒரு வரி இருக்கும். எந்த வகுப்போர், என்ன முடிவெடுக்க, எப்போது என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாக ஒரு தாளில் இதை எழுதுங்கள்: ஆய்வு முடிவு இப்படி வந்தால் யார் எதை மாற்றுவார், நேர்மாறாக வந்தால் யார் எதை மாற்றுவார்? இரண்டுக்கும் "ஒன்றும் மாறாது" என்பதுதான் உண்மையான பதில் என்றால் கேள்வியையே மாற்றுங்கள். கடுமையாகத் தெரியலாம், ஆனால் சில ஆண்டு உழைப்பு மிச்சமாகும்.

நல்ல கேள்விக்கு ஒரு உதாரணம், மலேரியாவுக்கான கொசுவலை. இலவசமாகக் கொடுப்பதா, சிறு தொகை வாங்கிக்கொண்டு கொடுப்பதா என்று பல வருடம் சண்டை நடந்தது. காசு கொடுத்து வாங்கினால்தான் மக்கள் மதித்துப் பயன்படுத்துவார்கள் என்பது ஒரு தரப்பு. ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டூபா என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கென்யாவில் கர்ப்பிணிகள் வரும் மருத்துவ நிலையங்களில், வலையின் விலையை இடத்துக்கு இடம் குலுக்கல் முறையில் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். இலவசத்திலிருந்து சுமார் 60 அமெரிக்க சென்ட் என்று விலை ஏறியதுமே வாங்குவோர் பங்கு 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது, காசு கொடுத்தவர்கள் வலையைக் கூடுதலாகப் பயன்படுத்தினார்கள் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை. இதில் பெரிய மருத்துவக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. முடிவெடுப்பவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் வாதிட்டுக்கொண்டிருந்த கேள்வியையே எடுத்து அளந்தார்கள், அவ்வளவுதான்.

எத்தனை மேசைகள் என்று எண்ணுங்கள்

"கொள்கை" என்று ஒரே இடம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் ஒரு மேசை. அதன் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் இன்னொரு மேசை. அது 1977-இல் தொடங்கியது, வழக்கமாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. அப்புறம் நாட்டின் சுகாதார அமைச்சகம், மருந்துப் பதிவு அதிகாரிகள், கொள்முதல் பிரிவு, நிதி கொடுக்கும் உலகளாவிய அமைப்புகள், கடைசியில் வார்டில் நிற்கும் நர்ஸ். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு காலண்டர் உண்டு. வழிகாட்டுதல் திருத்தம் இந்த ஆண்டு முடிகிறது, உங்கள் பேப்பர் அடுத்த ஆண்டு வருகிறது என்றால், அடுத்த திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே ஆய்வு தொடங்கும்போதே அந்தத் தேதிகளை விசாரித்து வையுங்கள்.

மேசைகள் பல என்பதற்குக் கடும் மலேரியா சிகிச்சையைப் பாருங்கள். 2010-இல் வெளியான அக்வாமாட் சோதனை, ஒன்பது ஆப்பிரிக்க நாடுகளில் 5,425 குழந்தைகளிடம் நடந்தது. பழைய மருந்தான க்வினைன் பெற்றவர்களில் 10.9 சதவீதம் பேர் இறந்தார்கள், புதிய மருந்தான ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்றவர்களில் 8.5 சதவீதம். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கும் ஆர்ட்டிசுனேட்டைப் பரிந்துரைத்தது. இந்தத் துறையில் இது மின்னல் வேகம். ஆனால் பரிந்துரை வந்ததும் மருந்து அலமாரிக்கு வந்துவிடாது. ஆர்ட்டிசுனேட்டின் விலை அப்போது க்வினைனைவிட அதிகம், கொள்முதல் அதிகாரி பார்ப்பது அந்த விலையைத்தான். க்வினைனை ட்ரிப்பில் மணிக்கணக்காக, நாளுக்குப் பலமுறை ஏற்ற வேண்டும், ஆர்ட்டிசுனேட்டைச் சில நிமிடத்தில் போட்டுவிடலாம் என்பது அவர் கணக்கில் வராது. நர்ஸின் நேரம், ட்ரிப் செட், கண்காணிப்பு எல்லாம் சேர்ந்த செலவை ஆய்வின்போதே நீங்கள்தான் அளந்து அவர் கையில் கொடுக்க வேண்டும்.

வழிகாட்டுதல் குழு எதைக் கேட்கும்?

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களைச் சரிபார்க்க 2007 முதல் தனிக்குழு இருக்கிறது. சான்றின் தரத்தை எடைபோட கிரேட் என்ற முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் போனால், ஒற்றை ஆய்வை வைத்து யாரும் முடிவெடுப்பது அரிது, எல்லா ஆய்வுகளையும் திரட்டிய முறைசார் மீளாய்வைத்தான் பார்ப்பார்கள் என்பது புரியும். அதனால் உங்கள் ஆய்வு அந்த மீளாய்வில் சேர்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். மற்ற ஆய்வுகள் அளந்த அதே விளைவுகளை அதே மாதிரி அளந்திருக்க வேண்டும், சோதனையைத் தொடங்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். ரத்தத்தில் ஏதோ ஒரு அளவு குறைந்தது என்பதைவிட இறப்பு குறைந்ததா, நோயாளி எழுந்து வேலைக்குப் போனாரா என்பதற்குத்தான் அங்கே மதிப்பு.

இன்னொன்று, குழு பார்ப்பது பலனை மட்டுமல்ல. தீங்கு, செலவு, ஏழைகளுக்கு எட்டுமா, மக்கள் ஏற்பார்களா, நடைமுறையில் முடியுமா என்ற கேள்விகளும் வரிசையாக வரும். அதற்கெல்லாம் டேட்டா இல்லாவிட்டால் குழு தன் யூகத்தை வைத்து நிரப்பிக்கொள்ளும். நிதி, உறவு, ஆலோசனைக் கட்டணம் எதையும் மறைக்காதீர்கள், பின்னால் தெரியவந்தால் ஆய்வோடு சேர்த்து உங்கள் பெயரும் போகும்.

இடம் மாறினால் முடிவும் மாறும்

இதை வேகமாகத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம், எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதும் இதுதான். குறைமாதப் பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவில் முதிரும் என்று நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972-இல் காட்டினார்கள். பணக்கார நாடுகளின் மருத்துவமனைகளில் அது பல உயிர்களைக் காத்தது. சரி, அதையே எல்லா இடத்துக்கும் கொண்டுபோகலாம் என்று ஆறு நாடுகளில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2015-இல் முடிவு வந்தபோது, ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில் பச்சிளம் குழந்தை இறப்பு மொத்தத்தில் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தது. எத்தனை வாரக் கர்ப்பம் என்று சரியாகத் தெரியாத இடம், குறைமாதக் குழந்தையைப் பராமரிக்க வசதியில்லாத இடம், தாய்க்குத் தொற்று இருக்கிறதா என்று பார்க்க முடியாத இடம் எல்லாம் அதில் இருந்தன. பிறகு 2020-இல் வெளியான இன்னொரு சோதனை இதே ஊசியை ஐந்து நாடுகளில், ஸ்கேன் மூலம் வாரத்தை உறுதி செய்து, ஓரளவு நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் போட்டது. இறப்பு குறைந்தது.

அதே மருந்து, வேறு முடிவு. ஆகவே உங்கள் அறிக்கையில் சிகிச்சையை மட்டும் எழுதாமல் அது எந்தச் சூழலில் வேலை செய்தது என்று எழுதுங்கள்: எத்தனை ஊழியர்கள், என்ன கருவி, யார் கண்டறிந்தார், ஆய்வுக்காக நீங்கள் தனியாகக் கொண்டுவந்து வைத்தது என்ன. அந்தக் கடைசி விஷயத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

உள்ளூர் ஆய்வாளர்களைப் பற்றிச் சுருக்கமாக: மாதிரி எடுக்க மட்டும் வந்திறங்கிப் பறந்துபோவதை ஹெலிகாப்டர் ஆராய்ச்சி என்று கேலி செய்கிறார்கள், நியாயமான கேலிதான். கேள்வியை வடிவமைக்கும்போதே அவர்களும் அமைச்சகத்தின் ஆளும் உட்கார்ந்திருக்க வேண்டும். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. தான் கேட்ட கேள்விக்கு வரும் பதிலை அமைச்சகம் படிக்கும், யாரோ கேட்ட கேள்விக்கான பதிலைப் படிக்காது.

எழுதிக் கொடுப்பது எப்படி?

கனடாவிலிருந்து வந்த ஒரு வழக்கம் உண்டு: முக்கியச் செய்திகள் ஒரு பக்கம், சுருக்கம் மூன்று பக்கம், முழு அறிக்கை இருபத்தைந்து பக்கம். அதிகாரி படிக்கப்போவது பெரும்பாலும் அந்த முதல் பக்கத்தை மட்டும்தான். அதில் ஆய்வு முறையை வைத்துத் தொடங்காதீர்கள். மேலே சொன்ன அக்வாமாட் முடிவையே எடுத்தால், "ஆபத்து 22 சதவீதம் குறைந்தது" என்பதோடு நிறுத்தாமல் "நூறு குழந்தைகளில் 11 பேர் இறந்த இடத்தில் 8 அல்லது 9 பேர்" என்று சொல்லுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று இரண்டு மூன்று வழிகள், ஒவ்வொன்றின் செலவு, இன்னும் விடை தெரியாதது என்ன. கடைசி விஷயத்தை ஒளிக்காமல் சொன்னால் மற்றதையும் நம்புவார்கள்.

முடிவு பழக்கத்துக்கு எதிராக வந்தால் தயாராக இருங்கள். 2011-இல் வெளியான ஃபீஸ்ட் சோதனை, கடும் காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கக் குழந்தைகளைப் பார்த்தது. ரத்தநாளம் வழியாக வேகமாகத் திரவம் ஏற்றிய குழுக்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் சுமார் 10.5 சதவீதம், ஏற்றாத குழுவில் 7.3. திரவம் ஏற்றுவது எல்லோருக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட சிகிச்சை, எனவே "அந்தக் குழந்தைகள் வேறு மாதிரி" என்ற வாதங்கள் உடனே கிளம்பின. வாதம் வரும் என்று தெரிந்தால் அதற்கான, குழந்தைகளைப் பிரிவு பிரிவாகப் பார்க்கும் துணைப் பகுப்பாய்வுகளை முன்கூட்டியே திட்டத்தில் எழுதி வைக்கலாம். பிறகு செய்தால் வசதிக்கு வளைத்ததாகத்தான் பார்ப்பார்கள்.

வழிகாட்டுதல் வந்த பிறகு

வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைக் கரைசல் 1960-களின் இறுதியில் டாக்காவில் நிரூபிக்கப்பட்டது. 1971 வங்கதேசப் போர்க்காலத்தில் எல்லையோர அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் அதைப் பெருமளவில் கொடுத்துக் காட்டினார். ஆனால் அதை வீடுகளுக்குள் கொண்டுபோக வங்கதேசத்தின் பிராக் தொண்டு அமைப்புக்கு 1980 முதல் 1990 வரை ஆனது. ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், குறித்த அளவு தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். எத்தனை வீடு ஏறி இறங்கினார்கள் என்பதற்குச் சம்பளம் இல்லை. பின்னர் வேறொருவர் போய்க் கேட்கும்போது தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்பதைப் பொறுத்தே சம்பளம்! இதுவும் ஆய்வுதான், என்னைக் கேட்டால் ஆய்வகத்தில் நடந்ததைவிடக் கடினமான பாதி.

புதிய மருந்தே இல்லாமலும் பெரிய மாற்றம் செய்யலாம். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்குக்கு மருந்துகள் முன்பே இருந்தன, பாதிப் பேருக்கு ரத்தப்போக்கு என்றே கண்டுபிடிக்கப்படவில்லை. 2023-இல் வெளியான இ-மோட்டிவ் சோதனை, ரத்தத்தை அளக்கும் கோடு போட்ட ஒரு விரிப்பைக் கொடுத்து, தெரிந்த சிகிச்சைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்க்காமல் சேர்த்துச் செய்யச் சொன்னது. கடும் ரத்தப்போக்கு உள்ளிட்ட மோசமான விளைவுகள் வழக்கமான பராமரிப்பு நடந்த மருத்துவமனைகளில் 4.3 சதவீதம், புதிய முறை நடந்த மருத்துவமனைகளில் 1.6.

ஆகவே ஆய்வு முடிந்த பிறகு குறைந்தது ஓராண்டுக்கு ஒருவர் மருந்து இருப்பையும் பதிவேட்டையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருடைய சம்பளத்தையும் போக்குவரத்துச் செலவையும் முன்மொழிவின் பட்ஜெட்டிலேயே தனி வரியாகப் போட்டுவிடுங்கள், ஆய்வு முடிந்த பிறகு கேட்டால் அநேகமாகக் கிடைக்காது.